அப்பாவின் பெயர் ஒட்டிய பதினைந்து பெட்டிகள்

தகுதி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போது எனக்கு வெறுப்பாக இருக்கிறது. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்புப் பக்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் தகவல் தொழில்நுட்பம் படிப்பிக்கிறவள் நான். எங்களுக்கு அந்தச் சொல் புதிதல்ல. எங்கள் பிள்ளைகளுக்குத் தகுதி போதாது என்பார்கள், கட்டடத்துக்குத் தகுதி போதாது என்பார்கள், ஒருமுறை எங்கள் கழிப்பறைக்கும் தகுதி இல்லை என்று ஒருவர் எழுதி வைத்துவிட்டுப் போனார். அதையெல்லாம் கேட்டுக்கொண்டு பேசாமல் இருந்திருக்கிறேன். ஆனால் பத்து வருடமாக நான் தூசி தட்டி, வாணி விழாவுக்குப் பொட்டு வைத்துப் பார்த்து வந்த கணினி ஒன்று, தனக்குத் தகுதி இல்லை என்று தன் திரையிலேயே எழுதிக் காட்டிய காலையில் எனக்கு உண்மையாகவே அருவருத்தது.

அந்தக் கணினிக்கு ஒரு நோயும் இல்லை. அழுத்தினால் எழும்பும். கொஞ்சம் முனகும், அவ்வளவுதான். எழுதச் சொன்னால் எழுதும், கணக்குப் பார்க்கச் சொன்னால் பார்க்கும். புதிய இயங்குதளத்தை ஏற்ற முடியாது என்பது மட்டும்தான் அதன் குற்றம். உள்ளே இருக்கும் மூளை இன்ன காலத்துக்குப் பிறகு பிறந்ததாக இருக்க வேண்டுமாம். பக்கத்தில் பாதுகாப்புச் சில்லு ஒன்றும் இருக்க வேண்டுமாம். சரி, பழையதோடேயே இருந்துவிட்டுப் போகிறோம் என்றால், பழையதற்கும் ஒரு நாள் குறித்துவிட்டார்கள். அந்த நாளுக்குப் பிறகு அதில் ஓட்டை விழுந்தால் அடைக்க மாட்டார்கள், வைரஸ் புகுந்தால் எங்கள் பாடு. எங்கேயோ இருக்கிற ஒரு கம்பனி, நல்ல சுகத்தோடு ஓடிக்கொண்டிருக்கும் என் யந்திரத்துக்குச் சாகும் திகதி எழுதுகிறது. கேட்க ஆளில்லை. கேட்டாலும், புதிதாக ஒன்று வாங்குங்கள் என்று அதே திரையில் சிரித்த முகத்தோடு விளம்பரம் வருகிறது.

வேறு யாருடைய கணினியாவது என்றால் திட்டிவிட்டு ஒதுக்கியிருப்பேன். இவை அப்பாவின் கணினிகள். அப்பா தபாற்கந்தோரில் வேலை பார்த்தவர். வாழ்நாளில் ஒரு கணினியையும் தொட்டதில்லை. கைத்தொலைபேசியைக்கூட இரண்டு கையாலும் பிடித்து, சுடுகிற தேத்தண்ணிக் கோப்பையைப் போலத் தள்ளி வைத்துத்தான் கதைப்பார். அவர் போன பிறகு, கனடாவில் இருக்கும் என் அண்ணை அவர் பெயரில் ஏதாவது செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். எங்கள் ஊரில் அது வழக்கம். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கி ஒருவரின் ஞாபகார்த்தம், மணிக்கூடு இன்னொருவரின் ஞாபகார்த்தம், மின்விசிறிகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அமரர். இறந்தவர்களின் பெயர் இல்லாத பொருள் எங்களிடம் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டி மட்டும்தான். அண்ணை பதினைந்து கணினிகளைக் கப்பலில் அனுப்பி, தானும் வந்து இறங்கினார்.

திறப்பு விழா பெரிதாக நடந்தது. பாண்ட் வாத்தியம், குத்துவிளக்கு, பொன்னாடை, மூன்று மணித்தியாலப் பேச்சு. அம்மாதான் நாடா வெட்டினார். கதவுக்கு மேலே அப்பாவின் படத்தோடு பெயர்ப்பலகை. அண்ணை பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினார். சபையில் இருந்த எல்லோரும் அழுதார்கள், நானும் அழுதேன்.

ஒவ்வொரு பெட்டியிலும் ஒட்டுவதற்கு அண்ணை ஸ்ரிக்கர் அடித்துக் கொண்டுவந்திருந்தார். தடித்த தங்க நிறத் தாள், அமரர் என்று தொடங்கி அப்பாவின் முழுப் பெயர், கீழே ஞாபகார்த்தம். அவற்றைத் தானே நின்று ஒட்டினார். பெட்டியின் பக்க மூடியும் சட்டமும் சேர்கிற இடம் பார்த்து, பாதி மூடியிலும் பாதி சட்டத்திலும் பிடிக்கிற மாதிரி ஒட்டினார்.

"உப்பிடி ஒட்டினால்தான் பிள்ளை, ஒருத்தரும் மூடியைக் கழட்டி உள்ளுக்கை இருக்கிறதுகளைக் களவெடுக்கேலாது" என்றார்.

களவு போகவில்லை, அது உண்மை. ஆனால் மூடியைக் கழற்ற வேண்டுமானால் அப்பாவின் பெயரை இரண்டாகக் கிழிக்க வேண்டும். யார் கிழிப்பது? அதனால் பத்து வருடமாக ஒரு பெட்டியையும் நாங்கள் திறக்கவில்லை. வெக்கையில் விசிறிகள் கத்தும்போது வெளியிலிருந்து ஊதுவேன். நினைவகம் கொஞ்சம் கூட்டிப் போட்டால் வேகமாக ஓடும் என்று தெரிந்தும் போடவில்லை. செயன்முறைப் பரீட்சைக்கு வருகிற பிள்ளைகள் முதலில் அந்தத் தங்கத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் பெட்டியை அழுத்துவார்கள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, தாங்களாகவே பழகிக்கொண்டார்கள். நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. வருடா வருடம் அப்பாவின் திவசத்துக்கு அண்ணைக்குப் படம் அனுப்ப வேண்டும். பிள்ளைகள் வரிசையாக இருக்க வேண்டும், திரைகள் எல்லாம் எரிய வேண்டும், ஸ்ரிக்கர் தெரிய வேண்டும்.

தகுதி இல்லை என்ற செய்தி வந்த கிழமை, யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ரீச்சர், உதைக் கிழிக்காமல் உள்ளுக்கை போகேலாது."

"கிழிக்கேலாது."

"அப்ப வெளியிலை நிண்டு கும்பிடவோ என்னைக் கூப்பிட்டனியள்?"

எனக்குக் கோபம் வந்தாலும் அவர் கேட்டதில் பிழையில்லை. பிறகு அவரே, உள்ளே போனாலும் பிரயோசனம் இல்லை, இதில் அந்தச் சில்லும் இல்லை, மூளைக்கும் வயது போய்விட்டது என்றார். காவலை ஏமாற்றிப் புதியதை ஏற்றுகிற வழி ஒன்று இருக்கிறதாம். ஒரு பெட்டியில் செய்து காட்டினார். ஏறியது. நான் சந்தோஷத்தில் அவருக்குச் சோடா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த பெரிய அப்டேற் வந்த அன்று அந்தப் பெட்டி கறுத்த திரையோடு நின்றது, பிறகு எழும்பவேயில்லை. பதினைந்து பதினான்காகியது. களவாக உள்ளே வந்ததைக் கண்டுபிடித்துக் கழுத்தைத் திருகிவிட்டார்கள் என்றே எனக்குப் பட்டது.

சும்மா இருக்க மனம் கேட்கவில்லை. காசில்லாமல் கிடைக்கிற வேறொரு இயங்குதளத்தை இறக்கி இரண்டு பெட்டிகளில் போட்டேன். இளசுகளைப் போல ஓடின. பிள்ளைகள் ஒரு பாடவேளைக்குள் பழகிவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பாட மேற்பார்வைக்கு ஒருவர் வந்தார். திரையைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"இது என்ன ரீச்சர், புத்தகத்திலை இருக்கிற படம் மாதிரி இல்லையே?"

"செய்யிற வேலை எல்லாம் ஒண்டுதான் சேர்."

"பிள்ளையள் குழம்புங்கள். பழையதையே போடுங்கோ."

"பழையதுக்கு ஆயுள் முடியுது சேர். பேந்து வலையிலை இணைக்கக் கூடாதெண்டு நீங்கள்தான் சுற்றறிக்கை அனுப்பினனியள்."

"அப்ப புதுசைப் போடுங்கோ."

"புதுசு இதிலை ஏறாது சேர்."

அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். வடையையும் சாப்பிட்டார். கணினிகள் தகுதியற்றவை, அடுத்த பள்ளித் தவணை தொடங்குவதற்குள் ஏற்பாடு இல்லையென்றால் பாடத்தை நிறுத்தலாம் என்று எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அவர் போன பிறகும் அந்த அறைக்குள் நிற்க எனக்குப் பிடிக்கவில்லை.

பாடம் நின்றால் எனக்கு இடமாற்றம் வரும், அது போகட்டும். பதினோராம் தரத்துப் பிள்ளைகள் பரீட்சைக்கு ஒரு வருடம்கூட இல்லாத நேரத்தில் வேறு பாடம் எடுக்க வேண்டும், அல்லது பஸ் ஏறி வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும். வீட்டில் கணினி இருக்கிற பிள்ளை அந்த வகுப்பில் இரண்டே இரண்டுதான். மற்றவர்கள் தோட்டத்து வேலை முடித்து, கால் கழுவி, அப்பாவின் பெட்டிக்கு முன்னால் வந்து இருந்துதான் விசைப்பலகையைக் கண்டவர்கள்.

அப்போதுதான் கொழும்பில் வியாபாரம் செய்கிற பழைய மாணவர் ஒருவர் பத்துப் புதுக் கணினி தருகிறேன் என்றார். கடையில் வாங்கி, பெட்டி உடைக்காமல். ஒரே ஒரு நிபந்தனை. பழையவை அறையில் இருக்கக் கூடாது, பெயர்ப்பலகை மாற வேண்டும். அவருடைய அம்மாவும் போய்ச் சேர்ந்திருந்தார், பலகையில் அவர் பெயர் வர வேண்டும். அவரைப் பிழை சொல்ல முடியாது, அவரும் எங்கள் ஊர்க்காரர்தானே.

அதிபர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"ரீச்சர், உங்கடை அண்ணை ஓம் எண்டால் நான் நாளைக்கே ஓம். ஆனால் அவரைக் கேளாமல் நான் அந்தப் பலகையிலை கை வைக்கமாட்டன். பேந்து அவர் முகப்புத்தகத்திலை எழுதினாரெண்டால் எனக்குத்தான் கரைச்சல்."

"கதைக்கிறன் சேர்."

"மனம் நோகாமல் கதையுங்கோ."

நான் கதைக்கவில்லை. ஒவ்வொரு நாளும் தொலைபேசியை எடுப்பேன், அண்ணை மேடையில் பேச்சைப் பாதியில் நிறுத்தியது ஞாபகம் வரும், வைத்துவிடுவேன். அப்பாவைத் தூக்கி வெளியில் வையுங்கள் என்று எந்த வாயால் சொல்வது? அம்மாவுக்கு என்ன சொல்வது? அம்மாவுக்கு முழங்கால் ஏலாது, வீட்டை விட்டு வருவது குறைவு. ஆனால் திவசத்து அன்று ஓட்டோ பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு வந்து, அந்த அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுத்தான் போவார். இதற்கிடையில் கொழும்புக்காரர் இரண்டாவது தடவையும் கேட்டுவிட்டார். எங்களுக்கு வேண்டாமென்றால் தொண்டைமானாற்றுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம் கேட்கிறது, அங்கே கொடுத்துவிடுவேன் என்றார். தவணை முடியப் போகிறது. பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கம்பனிக்காரன் மேல் வந்த வெறுப்பு மெல்ல மெல்ல என் மேலேயே திரும்பிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஒரு பின்னேரம், இருட்டுகிற நேரம், அண்ணையே அழைத்தார். அங்கே அவருக்குக் காலை, வேலைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் பிட்டுக்கு மாக் குழைத்துக்கொண்டிருந்தேன். கை முழுக்க மா என்பதால் தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்தேன். அம்மா அதே மேசையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணை வழக்கம்போலத் திவசத்துப் படத்தைப் பற்றித் தொடங்கினார்.

"அண்ணை, அந்தக் கொம்பியூட்டர்களைப் பற்றித்தான் உங்களோடை கதைக்க வேணும். அதுகள் இனி ஓடாது. ஓடும், ஆனால் ஓட விடமாட்டினமாம்."

பல நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த எல்லாவற்றையும் சொன்னேன். இயங்குதளம், சில்லு, வலயத்துக்காரர், பிள்ளைகள், கொழும்புக்காரர், பெயர்ப்பலகை. சொல்லி முடிக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் மாவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உதுக்கே இவ்வளவு இழுத்தனி?" என்றார் அண்ணை. "எறியுங்கோ."

"எறியிறதோ?"

"வேறை என்ன செய்யிறது? எங்கடை ஒபிசிலை அப்பவே எறியவெண்டு அடுக்கி வைச்சிருந்ததுகள். நான்தான் கேட்டு எடுத்துக் கப்பலிலை போட்டனான். உவ்வளவு காலம் ஓடினதே பெரிய காரியம்."

பாண்ட் வாத்தியம் ஞாபகம் வந்தது. பொன்னாடை ஞாபகம் வந்தது. தங்கத் தாளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிற பிள்ளைகளின் விரல்கள் ஞாபகம் வந்தன.

"அது எங்களுக்குத் தெரியாதே அண்ணை."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறியள்? வேலை செய்ததுதானே."

அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவர் சொன்னது உண்மை. வேலை செய்தன. அந்தக் குப்பையில்தான் என் பிள்ளைகள் படித்துத் தேறினார்கள், ஒருத்தி பல்கலைக்கழகமும் போனாள். அண்ணையை நன்றாக ஏசுவதற்குக்கூட எனக்கு ஒரு நியாயத்தை அவர் மிச்சம் வைக்கவில்லை.

"நீ ஒண்டுக்கும் யோசியாதை" என்று அவர் தொடர்ந்தார். "இந்த வருசம் எங்கடை ஒபிசிலை இன்னொரு தொகுதியை மாத்தப் போறாங்கள். நல்ல சாமான். எடுத்து என்ரை வீட்டுக் கராச்சிலை போட்டு வைக்கிறன். அம்மாவுக்கு ஆகும்."

"அம்மாவுக்கு ஏன் அண்ணை கொம்பியூட்டர்?"

சத்தியமாக விளங்காமல்தான் கேட்டேன்.

"இப்ப இல்லை பிள்ளை. பேந்து. ஞாபகார்த்தமா."

அம்மா ஒரு காம்பை உருவி, இலையைச் சுளகில் போட்டார். தலை நிமிரவில்லை. நான் தொலைபேசியை நிறுத்தப் பாய்ந்தேன், மாக் கையால் எங்கெங்கோ அழுத்தினேன், அது நிற்கவில்லை. வாய்க்கு வந்ததைக் கேட்டுக் கதையை மாற்றினேன்.

"அந்தத் தொகுதியை ஏன் மாத்திறாங்கள்?"

"அதுகளுக்கும் உந்தப் புதுசு ஏறாதாம்" என்றார் அண்ணை. ஒபிஸ் வந்துவிட்டது, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டார்.

பிட்டு அவிந்தது, சாப்பிட்டோம், படுத்தோம். எனக்கு நித்திரை வரவில்லை.

அடுத்த நாள் அதிபரிடம், அண்ணை ஓம் என்றுவிட்டார் என்று மட்டும் சொன்னேன். அவர் என் கையைப் பிடிக்காத குறையாகச் சந்தோஷப்பட்டார், அண்ணையைப் பெரிய மனசுக்காரர் என்றார். கணினி திருத்துகிறவரும் வந்தார், தகவல்களை எடுத்து வைக்கப் பெட்டிகளைத் திறக்க வேண்டும் என்றார். அப்பாவின் பெயரை முழுதாக உரித்தெடுத்துவிடலாம் என்று தேங்காய் எண்ணெய் பூசிப் பார்த்தேன், நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். தங்க நிறம் உரிந்து வந்ததே தவிரத் தாள் வரவில்லை. மூன்றாவது பெட்டியோடு எனக்குப் பொறுமை போய்விட்டது. மூடியைப் பிடித்து இழுத்தேன். அமரர் மூடியோடு போனார், அப்பாவின் பெயர் சட்டத்தில் நின்றது. உள்ளே பஞ்சு மெத்தை போலத் தூசி, விசிறிக்குப் பக்கத்தில் பல்லி முட்டை. எல்லாப் பெட்டிகளையும் அப்படியே திறந்தோம். கவலைப்படுவேன் என்று நினைத்திருந்தேன். கவலை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. அந்தக் கம்பனி, அண்ணை, வடை தின்றுவிட்டுப் போனவர், பத்து வருடமாக ஒரு தாளுக்குப் பயந்து தூசி தட்டிய நான், எல்லோர் மேலும் ஒரே அளவில் வந்தது.

பெட்டிகளை உடைந்த மேசைகளோடு பின் அறையில் அடுக்கினோம். பெயர்ப்பலகையிலிருந்து அப்பாவின் படத்தைக் கழற்றி எடுத்தேன். ஒரு பெட்டியில் மட்டும் பசை காய்ந்து, பெயரின் நடுவில் கிழிந்த தாள் தானாகக் கழன்று வந்தது; அதன் இரண்டு துண்டுகளையும் குப்பையில் போட மனமில்லாமல் கைப்பையில் வைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் படத்தையும் துண்டுகளையும் மேசையில் வைத்துவிட்டு, அம்மாவின் பக்கத்தில் இருந்தேன். அம்மாவைத் தேற்ற வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தேன். அண்ணை பிழையான எண்ணத்தில் சொல்லவில்லை, வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு வாய் இப்படித்தான் என்று தொடங்கினேன். அம்மா அதைக் காதில் போடவில்லை. இரண்டு துண்டுகளையும் எடுத்து, விரலால் நீவி, அப்பாவின் பெயர் பொருந்துகிற மாதிரிச் சேர்த்து வைத்தார்.

"பெரியவன் எத்தினை பெட்டி எடுத்து வைக்கிறானாம்?" என்று கேட்டார்.

"சொல்லேல்லை அம்மா."

"அப்பாவுக்குப் பதினைஞ்சு. எனக்குக் குறைஞ்சால் சனம் என்ன நினைக்கும்? கேட்டு வை."

"அதுகளும் ஓடாது அம்மா. வரேக்கையே முடிஞ்சதுகளாத்தான் வரும்."

அம்மா துண்டுகளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஓடாட்டிப் பறவாயில்லை" என்றார். "கிழியாத இடமாப் பாத்து ஒட்டச் சொல்லு."